முதலில் அவன் ஒழுங்காகக் குதிக்கட்டும்

மைக்ரோ ஜீனியஸ் பெட்டியில் அப்பாவும் மாமாவும் விளையாடிய ஆட்டங்களை இன்றைய கணினியில் புதிதாகச் செய்ய வேண்டும் என்று ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் தம்பி தங்கச்சிகள் கேட்கிறீர்கள். நல்ல ஆசை. ஓடி, குதித்து, பள்ளம் தாண்டும் அந்த ஆட்டங்களோடு வளர்ந்த அண்ணனாக, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. எதையும் தொடங்குமுன் ‘வொண்டர் பாய்: தி டிராகன்ஸ் டிராப்’ விளையாடுங்கள். 1989-இல் சேகா மாஸ்டர் சிஸ்டத்துக்கு வந்த ஆட்டம். பாரிஸில் உள்ள லிசார்ட்கியூப் என்ற சிறு குழு 2017-இல் அதைப் புதுப்பித்தது. நிரல் ஓமர் கோர்னூ, ஓவியம் பென் ஃபிகே. ஆட்டத்தின் நடுவே ஒரு பொத்தானை அழுத்தினால் கையால் வரைந்த காடு மறைந்து பழைய கட்டம் கட்டமான படம் வந்துவிடும். இசையையும் அப்படியே பழசுக்கு மாற்றலாம். ஆனால் அந்தரத்தில் இருக்கும் வீரன் அதே இடத்தில் இருப்பான், அதே வேகத்தில் விழுவான். கோர்னூ பழைய நிரலைப் பிரித்துப் படித்து அதன் நடத்தையை அப்படியே கொண்டுவந்ததால்தான் இது முடிந்தது. 1989-இல் தாளில் எழுதிவைத்த கடவுச்சொல்கூட இதில் வேலை செய்கிறது! படத்தை மாற்றி மாற்றிப் போட்டு விளையாடுங்கள். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது உங்கள் விரலுக்கே தெரிந்துவிடும்.

2. ஆகவே முதல் மாதம் படம் வரையாதீர்கள். ஒரு சாம்பல் சதுரம், ஒரு தரை, ஒரு பள்ளம், அவ்வளவே. ஆட்டம் செய்ய உதவும் கோடோ மென்பொருள் இலவசம், ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. பொத்தானை லேசாகத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி. ஏறுவதைவிட இறங்குவது சற்று வேகமாக இருக்கட்டும். விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் கொஞ்ச நேரம் குதிக்க விடுங்கள். ‘செலஸ்ட்’ ஆட்டத்தில் இந்தச் சலுகை வினாடியில் பத்தில் ஒரு பங்கு. விளையாடுபவருக்கு அது கண்ணில் படாது, ஆனால் “நான் அழுத்தினேனே!” என்ற எரிச்சல் போய்விடும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் அழுத்தியதையும் நினைவில் வைத்து, தொட்டதும் குதிக்க வையுங்கள். 2018-இல் வந்த ‘செலஸ்ட்’ 2015-இல் நான்கே நாளில் செய்த குட்டி ஆட்டமாகத்தான் பிறந்தது. ஆட்டத்தின் நாயகியை இயக்கும் நிரலை அதைச் செய்தவர்களே பொதுவில் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து படியுங்கள்.

3. பெயரையும் உருவத்தையும் எடுக்காதீர்கள். கல்கோடரி வீசி, சறுக்குப் பலகையில் பாய்ந்து, பழம் பொறுக்கி ஓடிய ‘அட்வென்சர் ஐலண்ட்’ உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அது 1986-இல் வந்த முதல் ‘வொண்டர் பாய்’தான். பெயரும் நாயகனும் சேகாவின் சொத்து, ஆட்டத்தின் உரிமையோ அதைச் செய்தவர்களிடம். அதனால் ஹட்சன் நிறுவனம் நாயகனை மாற்றி, வேறு பெயரில் வெளியிட்டது. நீங்களும் அந்த வழியில் போங்கள். ரசிகர் ஒருவர் பல ஆண்டு உழைத்துச் செய்த ‘மெட்ராய்ட் 2’ மறுஆக்கம் 2016-இல் வெளிவந்த சில நாளிலேயே நிண்டெண்டோவின் அறிவிப்பால் நீக்கப்பட்டது. ரசிகராக இருந்த கிறிஸ்டியன் வைட்ஹெட்டோடு சேர்ந்து சேகாவே 2017-இல் ‘சோனிக் மேனியா’வை வெளியிட்டதும் உண்டு. அந்த வாய்ப்பு வரும் என்று நம்பி இறங்காதீர்கள், உங்கள் உழைப்பு வீணாவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. நம் நாட்டிலும் 1987-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது.

4. நாயகன் ஓடும் இடம் நம் இடமாக இருக்கட்டும். பால்மர நிரைகள் இந்த வகை ஆட்டத்துக்கென்றே நட்டவை போலிருக்கும். முன்நிரை வேகமாக நகர, அடுத்தது மெதுவாக, தூரத்து மேடு அதைவிட மெதுவாக நகர்ந்தால் ஆழம் வந்துவிடும். செம்பனை மட்டையின் முள் போதும், வேறு ஆபத்து தேட வேண்டாம். ஆனால் தெரிந்து வரையுங்கள். மரத்தில் வெட்டுக்கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே சரியும், அதன் கீழ்முனையில்தான் பால் பிடிக்கும் மங்கு இருக்கும். படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போட்டு வேலையை மிச்சம் பிடித்தால் கோடும் தலைமாறிவிடும். பால் வெட்டிய பாட்டி ஒரே பார்வையில் கண்டுபிடிப்பார். அவரிடம் முதலில் காட்டுங்கள்.

5. சிறிதாகச் செய்யுங்கள். 1985-இன் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ முழுவதும் 40 கிலோபைட்தான். அதில் மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு.

6. தனியாக மல்லுக்கட்டாதீர்கள். ஆயர் குரோவில் மல்டிமீடியா பல்கலைக்கழகமும் டுரியான் துங்காலில் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (UTeM) இருக்கின்றன, அங்கே படிக்கும் நம் பிள்ளைகளைத் தேடிப்பிடியுங்கள். ஆண்டுதோறும் சனவரி வாக்கில் உலகெங்கும் நடக்கும் குளோபல் கேம் ஜாமில் சேருங்கள்.

7. முடித்ததும் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் மரியாதைக்கு நல்லா இருக்கு என்பான். அவன் கட்டைவிரலைப் பாருங்கள். மூன்று பிள்ளைகள் ஒரே பள்ளத்தில் விழுந்தால் பள்ளத்தைச் சுருக்குங்கள். விழுந்த கையோடு கேட்காமலே மறுபடி தொடங்கினால் படம் வரைய உட்காரலாம்.