மூன்றே மாதத்தில் உடைந்த ஸ்பிரிங் பட்டை: பணத்தை யாரிடம் கேட்பது?

கேள்வி: ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு சிற்றூர் எங்களுடையது. மலையாளி பழங்குடி வகுப்பைச் சேர்ந்தவன். செகண்ட் ஹேண்டில் ஒரு குட்டியானை சரக்கு வண்டி வாங்கி நானே ஓட்டுகிறேன். சாமை, புளி, பலாப்பழம் என்று போளூருக்கு இறக்குவதுதான் பிழைப்பு. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் தளர்ந்து வண்டி உட்கார்ந்துவிட்டதால், போளூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மாற்றினேன். "கம்பெனி ஒரிஜினல், ஆறு மாசம் கேரண்டி" என்று வாயால் சொன்னார்கள். 11,500 ரூபாய் கொடுத்தேன். பாதி ஜிபே, பாதி ரொக்கம். பில் தரவில்லை, துண்டுச் சீட்டில்தான் கணக்கு எழுதித் தந்தார்கள். மூன்றாம் மாதம் மலைப்பாதையில் இறங்கும்போது இடது பக்க மெயின் பட்டை உடைந்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரில் மோதி, முன்பக்கம் நசுங்கிவிட்டது. "ஓவர்லோடு ஏத்தினா எந்தப் பட்டையும் தாங்காது" என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். இன்சூரன்ஸ் கம்பெனி "தேய்மானம்" என்று சொல்லி மொத்தத்தையும் மறுத்துவிட்டது. வாடகை வண்டிக்கு நுகர்வோர் கோர்ட்டில் வழக்கே போட முடியாது என்கிறார்கள். இரண்டு பட்டை கூடுதலாகப் போட்டால் இனி உடையாது என்கிறார் வேறொரு மெக்கானிக். என்ன செய்யட்டும்?
- வாசகர், ஜமுனாமரத்தூர்

பதில்: முதலில் உங்களைப் பயமுறுத்தியிருக்கும் விஷயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நீங்கள் வழக்குப் போடலாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் பிரிவு 2(7), வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ வாங்குகிறவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து தன் வயிற்றுப்பாட்டுக்காகவே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் வராது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. பழைய சட்டத்திலும் இதே விதிவிலக்கு இருந்தது. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் எதிர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் வழக்கில் 1995-இல் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குகிறவரும் தானே ஓட்ட லாரி வாங்குகிறவரும் நுகர்வோரே என்று எடுத்துக்காட்டிச் சொல்லியிருக்கிறது. உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. நான்கைந்து வண்டி வைத்து டிரைவர்களை விட்டு ஓட்டுகிறவருக்கு இந்தக் கதவு அடைபடும். எனவே புகார் மனுவில், இந்த ஒரு வண்டியை நீங்களே ஓட்டிக் குடும்பம் நடத்துவதை மறக்காமல் குறிப்பிடுங்கள். அந்த வரி விட்டுப்போனால் எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் பிடிக்கும்.

அடுத்தது, யார் மேல் தவறு. இதைச் சொல்ல வேண்டியது உடைந்த பட்டைதான். அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள், தேய்த்துக் கழுவாதீர்கள். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். முழுதும் ஒரே மாதிரி பளபளவென்றிருந்தால் அந்த நேரத்தில் ஒரே அடியாக முறிந்திருக்கிறது. ஒரு பகுதி துருவேறிக் கறுத்தும் மீதி பளபளப்பாகவும் இருந்தால், விரிசல் முன்பே விழுந்து மெல்ல வளர்ந்திருக்கிறது. எந்த இடத்தில் உடைந்தது என்பதும் முக்கியம். நடுவில் சென்டர் போல்ட் துளையை ஒட்டி முறிந்திருந்தால் யூ போல்ட் சரியாக முடுக்கப்படவில்லை என்ற சந்தேகம் வரும். புதுப் பட்டை மாட்டிச் சில நாள் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி முடுக்க வேண்டும். அதை உங்களிடம் சொன்னார்களா? இரண்டு பக்கமும் மாற்றினார்களா, இடது பக்கம் மட்டுமா? ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி சாய்ந்து ஓடும்.

இதையெல்லாம் நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. பட்டையின் இரும்பு மட்டமாக இருந்தால் அது பொருளின் குறைபாடு, பிரிவு 2(10). மாட்டியதில் தப்பு என்றால் அது சேவைக் குறைபாடு, பிரிவு 2(11). ஒரிஜினல் என்று சொல்லி டூப்ளிகேட்டைத் தலையில் கட்டியிருந்தால் அது போலிப் பொருள், பிரிவு 2(43). ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்று மூன்றையும் மனுவில் கேட்கலாம். பரிசோதித்துப் பார்த்தால்தான் குறை தெரியும் என்ற நிலை வந்தால், பிரிவு 38-இன் கீழ் நுகர்வோர் ஆணையம் அந்தப் பட்டையைச் சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பும். கட்டணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். அனுப்புவதற்குப் பட்டை உங்கள் கையில் இருக்க வேண்டும். அதைச் சாக்கில் சுற்றி, தண்ணீர் படாமல் வீட்டில் வையுங்கள்.

பில் இல்லையே என்று கலங்க வேண்டாம். பில் கொடுக்காததே பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ஜிபே பதிவு, துண்டுச் சீட்டு, ஒர்க்‌ஷாப்காரருடன் பேசிய வாட்ஸ்ஆப் செய்தி எல்லாம் சாட்சியம்தான். ஜிபே ரசீதைப் பிரிண்ட் எடுத்து, பாரதிய சாட்சிய சட்டம், 2023-இன் பிரிவு 63-இன்படி சான்றிதழும் இணைத்துவிடுங்கள். ரொக்கமாகக் கொடுத்ததற்கும் வாய்வார்த்தை கேரண்டிக்கும் உடன் இருந்தவர் யாராவது பிரமாண வாக்குமூலம் தரலாம்.

ஓவர்லோடு என்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும். உங்கள் பக்கத்தில் தயாராக வைக்க வேண்டியது ஆர்.சி.யும் எடைமேடைச் சீட்டுகளும். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம். அதில் உங்கள் எடையும் அடக்கம். அன்றைக்கு உண்மையிலேயே அதிகம் ஏற்றியிருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காதீர்கள். இழப்பீடு குறையலாம், வழக்கே தோற்கவும் செய்யலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனி சொன்னதில் பாதி சரி. தேய்மானத்தையும் இயந்திரக் கோளாறையும் பாலிசி ஏற்காது. ஆகவே பட்டையின் விலை கிடைக்காது. ஆனால் சுவரில் மோதி முன்பக்கம் நசுங்கியது விபத்துச் சேதம். நீங்கள் எடுத்தது தேர்டு பார்ட்டி மட்டுமல்லாத பேக்கேஜ் பாலிசி என்றால், அந்தச் சேதத்துக்குத் தனியாகக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. மறுப்புக் கடிதத்தையும் சர்வேயர் அறிக்கையின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு முறையீடு அனுப்புங்கள். மறுத்தாலோ ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, ஓராண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது. வண்டியைப் பராமரிக்கவில்லை என்று கம்பெனி சொல்லும். பட்டை தளர்ந்ததும் நீங்கள் பணம் கொடுத்து மாற்றியதே அதற்குப் பதில். விபத்தன்று எஃப்.சி.யும் லைசென்ஸும் நடப்பில் இருந்தனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் பட்டை யோசனையை விட்டுவிடுங்கள். தேய்ந்த பட்டைக்குப் பதில் அதே அளவு, அதே ரகப் பட்டை மாட்டுவது பழுதுபார்ப்பு. பாரம் ஏற்றுவதற்காகப் பட்டையைக் கூட்டுவது வேறு கதை. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவது பற்றி மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 பேசுகிறது. அனுமதியில்லாத மாற்றத்துக்குப் பிரிவு 182-ஏ(4)-இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். எத்தனை பட்டை போட்டாலும் ஆர்.சி.யில் உள்ள எடை கூடாது. அதை மீறினால் பிரிவு 194-இன்படி 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். உங்கள் வழக்கும் கெடும்: ஓவர்லோடு ஏற்றியவர் என்பதற்கு அந்தக் கூடுதல் பட்டையே எதிராளிக்குச் சாட்சியாகும். உடைந்த பட்டைக்கு வெல்டிங் வைத்து ஓட்டுவதும் வேண்டாம். குறை இருப்பது தெரிந்தே ஓட்டுவது பிரிவு 190-இன்படி குற்றம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சரக்கின் மேல் ஆட்களை ஏற்றாதீர்கள். 2022 ஏப்ரலில் இதே ஜவ்வாது மலையின் திருப்பத்தூர் பக்கத்தில், கோயிலுக்குப் போனவர்களை ஏற்றிச் சென்ற சரக்கு வண்டி கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிக்கொண்டு போகும் பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று ஆஷா ராணி வழக்கில் 2002-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு, ஆனால் அவர் கேபினில் உட்கார்ந்து வந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு ஏதாவது ஆனால் இழப்பீடு உங்கள் தலையில் விழும்.

இனி செய்ய வேண்டியது இது. ஒர்க்‌ஷாப்புக்கு 15 நாள் கெடு வைத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் திருப்தியில்லை என்றால் திருவண்ணாமலை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். ஒர்க்‌ஷாப் எங்கே இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 34 இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பட்டைக்குக் கொடுத்த பணம், ஒர்க்‌ஷாப்பின் தவறால் வந்த சேதம், வண்டி நின்ற நாட்களின் வருமான இழப்பு, மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாவற்றையும் கேளுங்கள். பட்டை உடைந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும்.

வக்கீல் ஃபீஸுக்குப் பணமில்லை என்று தள்ளிப்போடாதீர்கள். சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் பிரிவு 12, பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தருகிறது. சாதிச் சான்றிதழோடு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள். அடுத்த முறை பட்டை மாற்றும்போது, பாகத்தின் எண், தயாரித்த கம்பெனி, கேரண்டி மாதம் மூன்றும் எழுதிய பில்லை வாங்கிக்கொண்டு வண்டியை எடுங்கள்.