பிரியாணிக்கு எந்த ஒயின்? கறியை விடுங்கள், மசாலாவைப் பாருங்கள்

இருட்டியபின் சென்னைப் புறநகரின் கரையான்சாவடி சந்திப்பில் பசியோடு நிற்பது கஷ்டம். ஒரு பக்கம் பிரியாணி அண்டாவின் ஆவி. இன்னொரு பக்கம், ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் சோயா சாஸும் வினிகரும் காய்ந்த கடாயில் விழுந்து கிளம்பும் புகை. இதில் ஒரு பார்சலை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒயினோடு சாப்பிட நினைத்தால், ‘கறிக்குச் சிவப்பு, மீனுக்கு வெள்ளை’ என்ற ஐரோப்பியச் சூத்திரம் அவ்வளவாக உதவாது. நம் தட்டில் ருசியை முடிவுசெய்வது மசாலா. காரம், புளிப்பு, எண்ணெய் இந்த மூன்றையும் வைத்துத்தான் பாட்டிலை எடுக்க வேண்டும்.

1. முதலில் காரம்

மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டும். சிவப்பு ஒயினில் திராட்சைத் தோலும் விதையும் தரும் துவர்ப்பு, அதாவது டானின், காரத்தோடு சேர்ந்தால் வாய் வறண்டு கசக்கும். லேசான இனிப்போ எரிச்சலைத் தணிக்கும். எனவே காரம் ஏற ஏற, ஆல்கஹால் குறைந்த, சற்றே இனிக்கும் வெள்ளை ஒயின் பக்கம் போங்கள். லேபிளில் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் நல்லது. 14 என்றால் காரச் சாப்பாட்டுக்கு வேண்டாம்.

2. வாங்குவது

தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் வசம். சாதாரணக் கடையில் ஒயின் வகைகள் குறைவு, எலைட் கடையில் தேடுங்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். முதல்முறை வாங்குபவர்கள் நாசிக் பக்கத்து செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் தொடங்கலாம். சுலா நிறுவனம் 2000-இல் வெளியிட்ட முதல் ஒயின்களில் அதுவும் ஒன்று. ‘போர்ட்’ என்று விற்கும் தித்திப்புச் சிவப்பு சாப்பாட்டோடு திகட்டும்.

3. குளிர வைப்பது

வெள்ளையும், இளஞ்சிவப்பு ஒயினான ரோஸேயும் 8 முதல் 10 டிகிரி வரை குளிர்ந்திருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் சில மணி நேரம் போதும். அவசரமென்றால் வாளியில் ஐஸ், தண்ணீர், ஒரு கைப்பிடி உப்புப் போட்டு, பாட்டிலைக் கழுத்துவரை இறக்குங்கள். இருபது நிமிடத்தில் தயார். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ குடிக்கச் சொல்வது குளிர்நாட்டு அறையை மனதில் வைத்து. நம் வீட்டு 32 டிகிரியில் அது மருந்து நெடி அடிக்கும். அதையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

4. எதற்கு எது?

*சிக்கன் 65, பஜ்ஜி:* நுரைக்கும் ஸ்பார்க்ளிங் ஒயின். அதன் புளிப்பும் குமிழும் நாக்கில் படிந்த எண்ணெயைக் கழுவிவிடும்.

*ஃபிரைட் ரைஸ், சில்லி சிக்கன், கோபி மஞ்சூரியன்:* சோயாவின் உப்பும் சாஸின் இனிப்பும் கலந்த இந்தக் கூட்டத்துக்குச் சற்றே இனிக்கும் செனின் பிளாங்க் அல்லது ரீஸ்லிங்.

*பிரியாணி:* கூடவே புளி போட்ட கத்தரிக்காயும் வெங்காயப் பச்சடியும் வருவதால் ரோஸே பொருந்தும். மட்டன் பிரியாணி காரமில்லாமல் இருந்தால் டானின் குறைந்த சிவப்பும் சரி.

*மீன் குழம்பு:* குழம்பைவிட ஒயின் புளிப்பாக இல்லாவிட்டால் தண்ணீர்போல் சப்பென்று தெரியும். காரம் குறைந்த குழம்புக்கு சாவின்யோன் பிளாங்க், காரமான குழம்புக்கு ரீஸ்லிங். சிவப்பைத் தொடாதீர்கள். அதிலுள்ள இரும்புச் சத்து மீன் கொழுப்போடு சேர்ந்தால் வாயில் மீன் வீச்சம் நிற்கும்.

*மிளகு தூக்கலான மட்டன் சுக்கா:* இங்கேதான் சிவப்புக்கு இடம். மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற பொருள் ஷிராஸ் திராட்சையிலும் உண்டு என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். கறியின் புரதமும் கொழுப்பும் டானினின் துவர்ப்பை மட்டுப்படுத்தும். மிளகாய் மட்டும் கொஞ்சமாக இருக்கட்டும்.

5. ஒரு வாய் சோதனை

முதலில் ஒயினை மட்டும் ஒரு மிடறு. பிறகு ஒரு வாய் சாப்பாடு. விழுங்கியதும் மறுபடி ஒரு மிடறு. எரிச்சல் கூடினால் ஒயினில் ஆல்கஹாலோ டானினோ அதிகம். ஒயின் சப்பென்று ஆனால் அதில் புளிப்புப் போதவில்லை. ஒயின் மணமே தெரியாவிட்டால் மசாலா ஜெயித்துவிட்டது. அடுத்த முறை எதை மாற்றுவது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

6. அளவும் மிச்சமும்

750 மில்லி பாட்டில், 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ். மிஞ்சியதை இறுக மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். நுரைக்கும் ஒயினை அன்றே முடிப்பது நல்லது. குடித்தபின் வண்டிச் சாவியைத் தொடக் கூடாது.

குடிக்காதவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையைப் பிழிந்து, எலுமிச்சையும் சோடாவும் சேர்த்து, நன்றாகக் குளிரவைத்து ஊற்றுங்கள். காரத்துக்கு இனிப்பு, எண்ணெய்க்குப் புளிப்பும் குமிழும், எல்லாம் அந்த ஒரு கிளாஸிலேயே கிடைத்துவிடும்.