கட்டிலருகே ஒரு பீடம்

கேள்வி: இடுப்பெலும்பு முறிந்து அம்மா மூன்று மாதமாகக் கட்டிலில் இருக்கிறார். ஞாயிறு பூசையைத் தவறவிடுவது பாவம் என்று அழுகிறார். டிவியில் பூசை பார்த்தால் போதுமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: முதலில் அம்மாவின் கண்ணைத் துடைத்துவிடுங்கள். நோயில் கிடப்பவருக்கு ஞாயிறு கடன் இல்லை, திருச்சபையே சொல்வதுதான். கொரோனா ஊரடங்கு நாளில், 2020 மார்ச் 27 மாலை, மழையில் நனைந்த புனித பேதுரு சதுக்கத்தில் கூட்டமே இல்லாமல் நின்று செபித்தார் திருத்தந்தை பிரான்சிஸ். அந்த ஆண்டு ஈஸ்டரைக் கோடிக்கணக்கானோர் வீட்டுக்குள்தான் கொண்டாடினார்கள். உயிர்த்த ஆண்டவர் சீடர்களைத் தேடி வந்ததும் பூட்டிய வீட்டுக்குள்தானே!

ஆனால், சீரியல் ஓடுவதுபோல் பூசையை ஓடவிடாதீர்கள். கட்டிலருகே ஒரு ஸ்டூல்; அதில் வெள்ளைத்துணி, பாடுபட்ட சுரூபம், மெழுகுவர்த்தி. வாசகத்தை டிவிக்கு விடாமல் வீட்டுப் பிள்ளை வாசிக்கட்டும். பதிலுரையை அம்மா சொல்லட்டும். நற்கருணை வேளையில் ஆன்மீக நற்கருணை செபம் சொல்லுங்கள். 18ஆம் நூற்றாண்டில் புனித அல்போன்ஸ் லிகோரி எழுதியது இன்றும் வழக்கில் உண்டு.

டிவியால் நற்கருணையைக் கையில் தர முடியாது. பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவருவார். நோயில்பூசுதலும் கேளுங்கள். ‘அவஸ்தைப்பூசுதல்’ என்று பயப்பட வேண்டாம். அது சாகக் கிடப்பவருக்கு மட்டுமல்ல.

மாலையில் ஜெபமாலையை அம்மாவே தொடங்கிவைக்கட்டும். படுத்திருப்பவர் அந்த வீட்டின் உபதேசியார் ஆகிவிடுவார்.