வெட்டுத் துணியில் ஒரு விரிப்பு

2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், ஆரோவில்லின் உபாசனா நிறுவனத்தில் பயின்ற மீனவப் பெண்கள் கழிவுத் துணியால் ‘சுனாமிகா’ என்னும் சிறு பொம்மைகளைச் செய்த அருஞ்செயல், அதே விழுப்புரம் மாவட்டத்து அனந்தபுரத்தில் தையற்கடைதோறும் சேரும் துணுக்குகளையும் புதிய நோக்கோடு காணத் தூண்டுவதாகும்.

அத்துணுக்குகளால் விரிப்பு தைக்கையில், பருத்தியைப் பருத்தியோடு மாத்திரமே சேர்க்க. புதுத் துணி நனைந்தால் சுருங்குமாதலின், முன்னதாகவே நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரியிட்டு, ஓரத்தில் கால் அங்குலம் விட்டு, நேர் இழைவாக்கில் இணைத்துத் தைப்பதே உத்தமம். ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, சாயம் படியுமாயின் (ரவிக்கைத் துணிக்கு இச்சோதனை மிக அவசியம்) அத்துண்டைத் தயங்காது விலக்குக. நடுவில் பழைய வேட்டியும் அடியில் நைந்த நூற்புடவையும் வைத்து ஓட்டுத்தையல் போட்டால் குழந்தைக்கு மிருதுவான விரிப்பு கிடைக்கும். விரலகலத் துணுக்குகள் திண்டு நிரப்ப உதவும்.