ஃப்ரீடாஸில் யுஎஸ்பி கீபோர்டு, மவுஸ்

சங்கரன்கோவில் நண்பர் ஒருவர் ஃப்ரீடாஸ் போட்ட கம்ப்யூட்டர் வாங்கினார். கீபோர்டில் எழுத்தே விழவில்லை. பழுது என்று எண்ணித் திருநெல்வேலிக் கடைக்கே கிளம்பிவிட்டார். நீங்கள் பஸ் ஏறுமுன் இதைச் செய்து பாருங்கள்.

1994-ல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸ், யுஎஸ்பி கீபோர்டுக்குப் பயாஸையே நம்பியிருக்கிறது. பயாஸ்தான் அதைப் பழைய பிஎஸ்/2 கீபோர்டு போலக் காட்டுகிறது.

1. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டுங்கள். பயாஸ் திரை வந்தால் கீபோர்டில் பழுதில்லை.

2. அங்கே 'லெகசி யுஎஸ்பி சப்போர்ட்' என்பதை 'எனேபிள்டு' ஆக்கிச் சேமியுங்கள். பெரும்பாலும் அதற்கு எஃப்10 கீ.

3. மவுஸுக்கு, டாஸ் திரையில் சி, டி, எம், ஓ, யு, எஸ், இ என்ற ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து என்டர் தட்டுங்கள். மவுஸ் டிரைவர் ஏறிவிடும்.

அம்புக்குறி உடனே தெரியாது. 'எடிட்' புரோகிராமைத் திறந்து பாருங்கள். நண்பரின் பஸ் செலவு மிச்சம்!