கூட்டமாய் வாழும் கெண்டை

கடையநல்லூருக்கு மேற்கே ஓங்கி நிற்கும் மலைத்தொடரின் இருபுறமும் ஆறுகள் பிறக்கின்றன. கீழ்ப்புறத்துக் கருப்பாநதி சிற்றாற்றின் வழியே பொருநையை அடைகிறது. மேற்புறத்து ஆறுகளோ கேரளத்தினூடே மேற்கடலை நோக்கி விரைகின்றன. அந்நாட்டு ஆறுகள் சிலவற்றில், பாறைகள் நிறைந்த தெளிந்த மடுக்களில், அழகியதொரு கெண்டை வாழ்கின்றது. வெள்ளி போன்ற உடல். நெடுகிலும் ஒரு கருங்கோடு. அதன்மேல் மூக்கிலிருந்து நடுவுடல் வரை ஒரு செங்கோடு. 1865ஆம் ஆண்டில் இதனை விவரித்த பிரான்சிஸ் டே என்பார், சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரை இதற்குச் சூட்டினார். மீன் வணிகர் 'மிஸ் கேரளா' என்பர்.

மாணவர்களே! இம்மீனைத் தனியே தொட்டியில் விட்டால் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். ஆறேழு சேர்ந்திருப்பின் அச்சமின்றி நீந்தும். ஒருங்கே திரும்பும் பலவற்றுள் ஒன்றைக் குறிவைத்துப் பற்றுதல் பகைமீனுக்கு அரிதன்றோ? விலாவிலுள்ள உணர்கோடு அண்டை மீனின் அசைவை நீரதிர்வால் அறிவிப்பதால், கூட்டம் கலைவதில்லை. ஓடும் நீரில் பிறந்ததாதலின், இதற்கு நீண்ட தொட்டியும், காற்றூட்டிய தூய நீரும் வேண்டும். கிண்ணம் போன்ற சிறு கலத்தில் அடைத்தல் கொடுமை.

பகைவரிடமிருந்து காக்கும் அக்கூட்டமே வலைக்கு வாய்ப்பாயிற்று. ஒரே வீச்சில் பல சிக்கின. 1997இல் சிங்கப்பூர்க் கண்காட்சியில் பரிசு பெற்றபின் அயல்நாட்டார் இதனை விரும்பிக் கேட்டனர். ஆறுகளில் மீன் அருகியது. இன்று இது அழியும் நிலையிலுள்ள இனங்களுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது. பண்ணையில் பொரித்த குஞ்சுகளும் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்குவோர் அவற்றையே கேட்டு வாங்கலாம்.