நினைவுப் பொருளும் நிலைத்த தொழிலும்: ஜெய்ப்பூர் தரும் பாடம்

வெளியூர் சென்று திரும்புவோர் வெறுங்கையுடன் வீடு சேர்வது அரிது. உற்றார்க்கும் நண்பர்க்கும் ஏதேனும் ஒரு பொருள் வாங்கி வருவது நம் நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இவ்வாறு வாங்கப்படும் நினைவுப் பொருள்கள் தனித்தனியே நோக்கின் சிறியவை. ஆயின், இலட்சக்கணக்கான பயணிகள் ஒரு நகரில் செலவிடும் இத்தொகை ஒன்று சேரும்பொழுது, அங்குள்ள ஒரு தொழிலை வாழவைக்கவும் வல்லது; வீழ்த்தவும் வல்லது. கைவினைஞனின் கூலி, அவன் பிள்ளை அத்தொழிலைத் தொடர்வதா விடுவதா என்னும் முடிவு, ஊரின் நீர்நிலை ஆகிய மூன்றும் இச்சிறு கொள்முதலுடன் பிணைந்துள்ளன.

ஆகவே, ஒரு பொருளை வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. இதனைச் செய்தவர் யார்? எதனைக் கொண்டு செய்தார்? செய்து முடித்தபின் எஞ்சிய கழிவு எங்கே சென்றது? இவ்வினாக்களின் பயனை விளக்க, கைவினைக்குப் பெயர்பெற்ற ஜெய்ப்பூர் நகரை எடுத்துக்கொள்வோம்.

தொழிலுக்கென அமைந்த தெருக்கள்

இரண்டாம் சவாய் ஜெய்சிங் மன்னர் 1727ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரை நிறுவினார். நகரமைப்புத் திட்டத்தில் அவருக்குத் துணைநின்றவர் வித்யாதர் பட்டாச்சார்யா. கடைத்தெருக்களையும் தொழிலாளர் தெருக்களையும் முன்கூட்டியே வகுத்துக் கட்டப்பட்ட நகரம் இது. ஜௌஹரி பஜார் மணி வணிகருக்கு உரியது. மணிஹாரோன் கா ராஸ்தா வளையல் செய்வோர் தெரு. வேறு பல தெருக்களும் அங்கு வாழ்ந்த தொழிலாளரின் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன. கைவினை, நாட்டுப்புறக் கலை ஆகியவற்றுக்கான படைப்பாக்க நகரங்களுள் ஒன்றாக ஜெய்ப்பூரை யுனெஸ்கோ நிறுவனம் 2015இல் ஏற்றது. மதில் சூழ்ந்த பழைய நகரம் 2019இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இத்தகைய நகரில் விற்கப்படுவன யாவும் அந்நகரில் செய்யப்பட்டவை என எண்ணுதல் தவறு. எங்கோ ஆலையில் அச்சிடப்பட்ட துணியும், நெகிழியால் வார்க்கப்பட்ட யானைப் பொம்மையும் அதே கடைத்தெருவில் அதே பெயரால் விற்பனையாகின்றன. கடை இருக்கும் இடம் பொருளின் பிறப்பிடத்துக்குச் சான்றாகாது.

இரண்டு ஊர்கள், இரண்டு அச்சு முறைகள்

ஜெய்ப்பூரின் அச்சுத் துணிகளுக்குத் தாயகமாக விளங்குபவை சாங்கானேர், பக்ரூ என்னும் இரண்டு ஊர்கள். சாங்கானேர் நகரின் தெற்கே உள்ளது. பக்ரூ, அஜ்மீர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. இரண்டிலும் சீப்பா எனப்படும் அச்சுத் தொழிலாளர் மரக்கட்டைகளைக் கொண்டு கையால் அச்சிடுகின்றனர். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனி அச்சுக்கட்டை வேண்டும். உருவின் கோட்டை வரைய ஒரு கட்டை, பின்னணிக்கு ஒன்று, உள்ளே வண்ணம் நிரப்ப மற்றொன்று என ஒரே பூவுக்குப் பல கட்டைகள் வரிசையாகப் பயன்படுகின்றன.

வெண்ணிறத் துணியில் மெல்லிய பூங்கொடிகளைப் பதிப்பது சாங்கானேரின் சிறப்பு. பக்ரூவில் துணி முதலில் கடுக்காய் நீரில் தோய்க்கப்பட்டு இளமஞ்சள் நிறம் பெறுகிறது. இரும்புத் துண்டுகளை வெல்லத்துடன் நீரில் ஊறவைத்து நொதிக்கச் செய்து கருநிறம் எடுக்கின்றனர். சிவப்புக்குப் படிகாரமும், நீலத்துக்கு அவுரியும், மஞ்சளுக்கு மாதுளைத் தோலும் பயன்படுகின்றன. களிமண், சுண்ணாம்பு, பிசின், பூச்சி அரித்த கோதுமையின் மாவு ஆகியவற்றைக் குழைத்துத் துணியில் அச்சிட்டு, சாயம் ஏறாமல் அவ்விடங்களைக் காக்கும் 'தாபு' முறையும் இங்கு வழக்கில் உள்ளது. உண்ணத் தகாத தானியமும் இங்கே தொழிலுக்குப் பயன்படுவது எண்ணத்தக்கது.

நீர் என்னும் அளவுகோல்

எனினும், 'உள்ளூர்ப் பொருள்' என்பதும் 'சுற்றுச்சூழலுக்கு ஏற்ற பொருள்' என்பதும் ஒன்றல்ல. இதற்குச் சாங்கானேரே சான்று. துணி அலசவும் காகிதம் செய்யவும் வேண்டிய நீர் கிடைத்தமையே இத்தொழில்கள் இங்கு வேரூன்றக் காரணங்களுள் ஒன்று. பிற்காலத்தில் தேவை பெருகவே, கட்டை அச்சின் இடத்தைத் திரை அச்சு பெருமளவில் பிடித்தது. தாவரச் சாயங்களின் இடத்தை வேதியியல் சாயங்கள் பிடித்தன. சாயக் கழிவுநீர், திரவ்யவதி என்னும் பழம்பெயர் கொண்ட அமானிஷா ஓடையில் கலந்தது. தொழிலை வளர்த்த நீரைத் தொழிலே கெடுத்த நிலை நேர்ந்தது. இச்சிக்கல் நீதிமன்றம் வரை சென்றது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைக்க வேண்டிய நிலையும் ஏற்பட்டது.

ஜெய்ப்பூரில் நீரின் அருமையை உணர்த்த மற்றொரு செய்தியும் உண்டு. நகருக்கு நெடுங்காலம் குடிநீர் தந்த ராம்கர் ஏரியில், 1982இல் ஆசிய விளையாட்டுகளின் படகுப் போட்டிகள் நடைபெற்றன. அவ்வேரி பின்னர் வறண்டது. நகரம் தன் குடிநீருக்குத் தொலைவில் பனாஸ் ஆற்றின் மீதுள்ள பிசல்பூர் அணையை நாட வேண்டியதாயிற்று. இத்தகைய வட்டாரத்தில் ஒரு துணியை அலசும் நீர் எங்கிருந்து வருகிறது, எவ்வாறு வெளியேறுகிறது என்று கேட்பது வீண் ஆராய்ச்சியாகாது.

தாவரச் சாயம் என்ற சொல்லே முழு உறுதி தருவதுமன்று. அதற்கும் அலசுநீர் மிகுதியாக வேண்டும். நிறம் நிலைக்கச் சேர்க்கும் உலோக உப்புகளும் அளவு மீறினால் தீங்கு தரும். வேதியியல் சாயங்கள் அனைத்தும் ஒரே அளவில் தீயவை என்பதும் சரியன்று. தீங்கு மிகுந்த சில அசோ வகைச் சாயங்களை இந்திய அரசு 1990களில் தடை செய்துள்ளது. ஆகவே, சாயத்தின் பெயரைவிடக் கழிவுநீரைத் தூய்மை செய்யும் ஏற்பாடு உண்டா என்பதே முதன்மையான வினா.

கழிவிலிருந்து காகிதம்

சாங்கானேரின் மற்றொரு தொழில் கைக்காகிதம். காகஜி எனப்படும் மரபினர் இதனைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகின்றனர். ஆலைக் காகிதத்துக்கு மரமோ மூங்கிலோ வெட்டப்படுவதுண்டு. கைக்காகிதத்துக்குத் தையற்கூடங்களிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் எஞ்சும் பருத்தித் துணித் துண்டுகளே மூலப்பொருள். அவற்றைக் கூழாக்கி, சட்டத்தில் அள்ளி, நீர் வடித்து, உலர்த்தி, அழுத்தித் தாளாக்குகின்றனர். பருத்தியின் நீண்ட இழைகளால் தாள் வலிமை பெறுகிறது. குறிப்பேடு, வாழ்த்து அட்டை, பை, உறை எனப் பல வடிவங்களில் கிடைப்பதாலும், எடை குறைந்து உடையாமல் இருப்பதாலும், மாணவர் வாங்குவதற்கு இதனினும் ஏற்ற பொருள் அரிது.

கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் சார்பில் சாங்கானேரில் அமைந்த தேசியக் கைக்காகித நிறுவனம் ஜே.சி. குமரப்பாவின் பெயரைத் தாங்கியுள்ளது. தஞ்சாவூரில் 1892இல் பிறந்து, காந்தியடிகளின் வழியில் அகில இந்தியக் கிராமத் தொழிற்சங்கத்தை நடத்திய பொருளாதார அறிஞர் அவர். நிலக்கரி, பெட்ரோல் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம் என்றும், காடு போன்றவை ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஓட்டம் என்றும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். வளரும் அளவுக்குள் வெட்டினால் காடு என்றும் நிலைக்கும் என்பது அவர் கொள்கை. நினைவுப் பொருளைத் தேர்வதற்கும் இவ்வளவுகோல் முற்றிலும் பொருந்தும்.

வளையலும் காட்டு மரமும்

மணிஹாரோன் கா ராஸ்தாவில் அரக்கு வளையல் செய்வோரைக் கண்முன்னே காணலாம். கரி அடுப்பில் அரக்கை இளக்கி, உருட்டி, நிறமேற்றி, வளைத்து, வாங்குவோர் கைக்கேற்ப அளவும் திருத்தித் தருகின்றனர். செய்பவரை நேரிற் கண்டு வாங்கும் வாய்ப்பு இங்கு எளிதில் கிடைக்கிறது.

அரக்கு என்பது பலாசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின். நாட்டில் இதனை மிகுதியாக விளைவிப்பவை ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்கள். விளைவிப்போருள் பழங்குடியினர் பலர். மரம் நின்றால்தான் அரக்கு கிடைக்கும் என்பதால், அரக்குக்கு விலை கிடைக்கும்வரை மரத்தை வெட்டாமல் காப்பதில் உழவருக்கு நாட்டம் இருக்கும். ஜெய்ப்பூரில் ஒருவர் நெகிழி வளையலை விடுத்து அரக்கு வளையலை வாங்கும்பொழுது, தொலைவிலுள்ள ஒரு பலாச மரத்துக்கும் காவல் செய்கிறார் எனலாம்.

நீலப் பாண்டம்

ஜெய்ப்பூரின் நீலப் பாண்டம் களிமண்ணால் ஆனதன்று. படிகக்கல் தூள், கண்ணாடித் தூள், முல்தானி மண், பிசின் ஆகியவற்றின் கலவையால் ஆவது. கோபால்ட் ஆக்சைடு நீலத்தையும், செம்பு ஆக்சைடு பசுநீலத்தையும் தருகின்றன. நலிவுற்றிருந்த இக்கலை 20ஆம் நூற்றாண்டில் புத்துயிர் பெற்றது. அதற்குத் துணைநின்றவர்களுள் கமலாதேவி சட்டோபாத்யாய், ஓவியர் கிருபால் சிங் செகாவத் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பாண்டங்களின் மெருகுப் பூச்சில் ஈயம் சேர்ப்பது பழைய வழக்கம். ஈயமற்ற பூச்சுடையனவும் இன்று செய்யப்படுகின்றன. விற்பவர் உறுதி கூறாதவரை இவற்றைப் பூச்சாடியாகவோ கதவுக் குமிழாகவோ கொள்ளலாம். உணவு வைக்க வேண்டா.

உண்மையை அறியும் வழிகள்

கையால் அச்சிட்ட துணியில் கட்டைகள் சேரும் இடம் உற்றுநோக்கினால் தெரியும். ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் சிறு வேறுபாடு இருக்கும். குறையெனத் தோன்றும் இதுவே கைவேலையின் முத்திரை. பிழையின்றி ஒரே சீராக உள்ள அச்சு பெரும்பாலும் திரை அச்சு அல்லது இயந்திர அச்சு. நீலப் பாண்டத்தில் பூச்சுப் படாத அடிப்பாகம் செம்மண் நிறத்தில் இருப்பின், அது சாயம் பூசிய மட்பாண்டமே. கைக்காகிதத்தின் வெட்டப்படாத ஓரம் நேராக இராது. இழை இழையாக மெலிந்து முடியும்.

சட்டமும் துணை செய்கிறது. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003இல் நடைமுறைக்கு வந்தது. சாங்கானேர் அச்சு, பக்ரூ அச்சு, ஜெய்ப்பூர் நீலப் பாண்டம் ஆகியவை இதன்கீழ்ப் பதிவு பெற்றவை. ஆயின், இக்குறியீடு பொருளின் பிறப்பிடத்துக்கும் முறைக்குமே சான்று, கழிவுநீருக்குச் சான்றன்று. அதுபோன்றே, 2006இல் தொடங்கப்பட்ட கைத்தறி முத்திரை துணி கைத்தறியில் நெய்யப்பட்டதை உணர்த்துமேயன்றி, அதன்மேல் உள்ள அச்சு கையால் இடப்பட்டதா என்பதை உணர்த்தாது. ஒவ்வொரு முத்திரையும் எதற்குச் சான்று என்பதை அறிந்து கொள்ளுதல் வேண்டும். தந்தம் முதலிய வனவிலங்குப் பொருள்களை, பழையவை என்று கூறினாலும், வாங்கலாகாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் இவ்வணிகத்தைத் தடுக்கின்றன.

விலையும் கூலியும்

பேரம் பேசுவது நம் கடைத்தெருவின் இயல்பு. ஆனால், கடைசியில் குறையும் தொகை யாருடைய பங்கிலிருந்து குறைகிறது என்பதை எண்ண வேண்டும். கடை வாடகை குறையாது. பயணியை அழைத்து வந்தவருக்கு உரிய தரகும் குறையாது. எஞ்சி நிற்பது கைவினைஞனின் கூலியே. ஆதலால், தொழிற்கூடத்திலேயோ, கூட்டுறவு அமைப்பிடமோ, அரசு விற்பனை நிலையத்திலோ வாங்குவது, கொடுக்கும் தொகையின் பெரும்பகுதி செய்தவரைச் சேர வழிவகுக்கும். 2022இல் தொடங்கிய 'ஒரு நிலையம், ஒரு பொருள்' திட்டத்தின்கீழ் இரயில் நிலையங்களிலும் உள்ளூர்ப் பொருள்களுக்கு விற்பனை இடம் தரப்படுகிறது.

மாணவர்க்கும் அலுவலர்க்கும்

கல்விச் சுற்றுலா செல்லும் மாணவர், தாம் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் செய்தவர், மூலப்பொருள், கழிவு என மூன்று பத்திகள் கொண்ட பட்டியல் ஒன்றை எழுதி வரலாம். எந்தப் பத்தி வெறுமையாக உள்ளதோ, அதைப் பற்றி வகுப்பில் விவாதிக்கலாம். பொருளியல், வேதியியல், நிலவியல் ஆகிய மூன்று பாடங்களும் ஒரு கைக்குட்டையில் அடங்கியிருப்பதை அவர்கள் அப்போது உணர்வர்.

அலுவலர்களின் பொறுப்பு இன்னும் பெரிது. கருத்தரங்குகளிலும் விழாக்களிலும் விருந்தினருக்கு அளிக்கப்படும் நெகிழிக் கேடயமும் பொன்னிறத் தகடும் சின்னாளில் பரணில் ஏறுகின்றன. அவற்றுக்கு ஈடாகக் கைக்காகிதக் குறிப்பேடோ, கட்டை அச்சுத் துணியோ, அந்தந்த மாவட்டத்தின் கைவினைப் பொருளோ வழங்கப்படுமாயின், பருவகாலப் பயணிகளை மட்டும் நம்பியிராமல் ஆண்டு முழுவதும் கைவினைஞர்க்கு வேலை கிடைக்க அது துணையாகும். கொள்முதல் ஆணையில் கழிவுநீர் ஏற்பாடு பற்றிய ஒரு வரியும் சேருமாயின், தனி மனிதர் கேட்டுப் பெற முடியாத மாற்றத்தை அவ்வரி நிகழ்த்தக்கூடும்.

நினைவுப் பொருள் என்பது சென்று வந்த ஊரை நினைவூட்டுவது. அவ்வூரின் நீரைக் கெடுத்து, அவ்வூராரின் தொழிலை நலிவித்து வந்த பொருள் எந்த நினைவைத் தரும்? அடுத்த தலைமுறை அதே தெருவுக்குச் செல்லும்போது, அதே தொழிலும் அதைச் செய்யும் கைகளும் அங்கு இருக்க வேண்டும். அதற்கு உதவும் பொருளே வாங்கத் தக்க பொருள்.